ஒன்றரைப் புள்ளி

கார்த்திகையில் எங்களை வேறு வைத்தார்கள்.
ஒரே வீடு, ஒரே வளவு, அடுப்பு மட்டும் இரண்டு.
மூன்று மூட்டை அரிசி, ஒரு பானைப் புளி, அரைச் சாக்கு மிளகாய்,
அயித்தை எண்ணிக் கொடுத்த பதினோரு பாத்திரம்.
வயிரவன்கோயில் கணக்கில்
நானும் அடைக்கப்பனும் கல்யாணத்தன்றே ஒரு புள்ளி.
இப்போது உலையிலும்.

மார்கழியில் மாடிக்கு ஏறினேன்
எட்டு அங்குலக் கண்ணாடியோடு.
சாமான் பட்டியலில் அதுவும் வந்தது,
வெள்ளிக் குத்துவிளக்குக்கும் இட்லிக் கொப்பரைக்கும் நடுவில்:
தொலைநோக்கி, ஒன்று.

கோனாபட்டுக்குத் தெற்கே, அடிவானில்
காரைக்குடியின் மஞ்சள் கசிவு.
அதற்கு மேலே கறுப்பு கொஞ்சம் மிச்சமிருக்கிற இடத்தில்
உலை என்றொரு விண்மீன் கூட்டம்.
பேர்தான் உலை. வெறுங்கண்ணுக்கு ஒரு கங்கும் இல்லை.
அந்தத் திசையில், நாலரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பால்
ஒரு பட்டைச்சுருள் பேரடை.
நடுவே கணையமரம் போட்டதுபோல் ஒளிச்சட்டம்,
சட்டத்தின் இரு முனையிலும் சுழன்று விரியும் கை.
ஒரு கை வளைகிற இடத்தில்
சின்னதாய் இன்னொன்று.
சுருளில்லை, கையில்லை,
அரைத்த உளுந்து தெறித்து ஒட்டிய மாதிரி.

மூன்று நிமிடத்துக்கு ஒரு படம், எண்பது படம்.
பனி இறங்க,
அடைக்கப்பன் வேட்டியைக் குழலுக்குச் சுற்றினேன்.
அவன் உள்ளறையில் குறட்டை.

ஒன்பதாம் படத்தில் வளவு விளக்கு எரிந்தது.
திறந்த முற்றம் வழியே வெளிச்சம் பீறிட்டு
ஓட்டு விளிம்பு, கைப்பிடிச் சுவர், என் முழங்கை எல்லாம் வெள்ளை.
"அயித்தே, லைட்டு!"
அணைந்தது.
பதினாறில் மறுபடி.
"பால அடுப்புல வச்சுட்டு மேல போயிட்டியோன்னு பாத்தேன்."
வேறு வைத்தபின் எங்கள் அடுப்படிப் படி தாண்டுவதில்லை அவர்.
வெளியே நின்று மோந்து பார்ப்பார்.

இருபத்திமூன்றாம் படத்துக்கு
சால்வையோடு மேலேயே வந்துவிட்டார்.
சிவப்புத் தாள் ஒட்டிய திரையில் குனிந்தார்.
நான் எதுவும் விளக்கவில்லை.
"பக்கத்துல ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கே."
"நாப்பதாயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்கு அயித்தே."
"அதத்தான் சொன்னேன்."
மோட்டார் முனகியது.
"பெருசு முழுப்புள்ளி. இது அரையா?"

மாமா போன வருஷம்
அவர் பேருக்கு நேரே அரை என்று எழுதினார்கள்.
நோட்டை நான் பார்த்ததில்லை.
ரசீதைப் பார்த்திருக்கிறேன்,
புளிப்பானைக்கு அடியில், நாலாய் மடித்தது.

சின்னதும் இழுக்கும்,
பெரிதின் கை நெளிந்து கிடப்பது அதனால்தான் என்று
சொல்லியிருக்கலாம்.
இதற்கு முன்னும் ஒன்று இருந்ததாம்.
பெரிது விழுங்கிய பின்
மெல்லிய ஒளித்தாரைகளாய் அதன் தடம் மட்டும் மிச்சமாம்.
என் கண்ணாடிக்கு அது சிக்காது.
இதுவும் ஒருநாள்.
அதைச் சொல்லவில்லை.
"இல்ல அயித்தே, அது தனிக் கணக்கு."
"அப்ப வரி?"
சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.
படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே போனார்,
விளக்குப் போடாமல்.

விடிந்து படங்களை அடுக்கினேன்.
நான்கு தேறாது என்றது மென்பொருள்.
இரண்டு பனியால். இரண்டு முழு வெள்ளை,
உற்றுப் பார்த்தால் ஓட்டு விளிம்பின் நிழல்.
பனி விழுந்ததை அழித்தேன்.
மற்ற இரண்டும் இருக்கின்றன.

கீழே இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன.
எங்கள் வாசற்படிக்கு வெளியே, மூடிவைத்து,
ஒரு கிண்ணம் வெண்டைக்காய் மண்டி.
பதினொன்றில் சேராத கிண்ணம்.
வெறுங்கிண்ணமாகத் திருப்பக்கூடாது.
எதை வைப்பது என்று
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.